கால் பக்கத்துக் காற்று

வெடித்தது என்று யாராவது சொன்னால் பூட்டுக்காரருக்குக் கோபம் வரும். "வெடிக்கல, கழண்டுச்சு" என்பார். கழன்றதோ வெடித்ததோ, காரின் முன்மூடிக்கு அடியிலிருந்து டப்பென்று ஒரு சத்தம். அடுத்த நொடி ரப்பர் குழாய் ஒன்று வால் மிதிபட்ட பாம்பு போல எகிறி அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. கேஸ் டின் தவளை மாதிரி ரெண்டு குதி குதித்துப் பக்கத்து வீட்டு மதிலைத் தாண்டிப் போனது. வெள்ளையாக ஒரு புகை புஸ்ஸென்று கிளம்பி அவரை முழுசாக விழுங்கிவிட்டது. புகைக்குள்ளிருந்து இருமல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்கு உள்ளே, மேஜை விசிறிக்கு முன்னால் கழுத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்திருந்த மனைவி கண்ணைத் திறந்தாள்.

"செத்துட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சரி. செத்தா ஒரு வார்த்தை சொல்லுங்க."

புகை கலைந்தபோது வலது கட்டைவிரல் வெளுத்து, மெழுகில் செய்தது போல இருந்தது. அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே பூட்டுக்காரர் எஞ்சினை எட்டிப் பார்த்தார். அரைநாள் முழுக்க உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, அரத்தால் ராவி ராவி அவர் செய்திருந்த பித்தளைத் துண்டு மட்டும் இடத்தை விட்டு அசையாமல் பளபளவென்று நின்றது. அதன் வழியாகக் காரின் ஏசியில் இருந்த கேஸ் மொத்தமும் சீறிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. கையால் பொத்தினால் விரல் போகும், பொத்தாவிட்டால் கேஸ் போகும். விரலுக்கே வோட்டுப் போட்டார். சீறல் மெல்லத் தேய்ந்து, பெருமூச்சாகி, நின்றுபோனது.

விடிந்தால் மருத்துவமனை.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம். பூட்டுக்காரரின் மனைவிக்கு நரம்பில் நோய். மின்கம்பிக்கு மேலுறை இருப்பது போல நரம்புக்கும் ஒரு உறை உண்டாம், அது அங்கங்கே உரிந்துபோகிறதாம். டாக்டர் அப்படித்தான் சொன்னார். வெயில் ஏறினால் அவளுக்குக் கண்ணில் பனி மூடும், கால் இரண்டும் ஊறவைத்த துணியாகும். உடம்பு குளிர்ந்தால் எல்லாம் திரும்பி வரும். குளிர்ந்தால் வரும் என்பதை மட்டும் பூட்டுக்காரர் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐஸ், ஈரத்துண்டு, விசிறி, குளியல் என்று வீட்டில் அவர் நடத்தும் அரசாங்கம் முழுக்க இந்த ஒற்றைச் சட்டத்தின்மேல்தான் நடந்தது.

மருந்து ஏற்றும் மருத்துவமனை ஆறு மணி நேரத் தூரத்தில். நாள் கிடைப்பதே பெரும்பாடு, தவறவிட்டால் அடுத்த நாள் எப்போது என்று அங்கே இருப்பவர்களுக்கே தெரியாது. போன தடவை வாடகைக் காரில் போனார்கள். மேடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்று டிரைவர் ஏசியை நிறுத்திவிட்டான். மேட்டின் உச்சியில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. போய் இறங்கும்போது ஒரு கால் தரையில் இழுபட்டது. நடுவில் பத்துத் தரம் நிறுத்தச் சொன்னதற்கு அவன் முணுமுணுத்தது வேறு. அன்றைக்கு அவள் சொல்லிவிட்டாள்: "இனிமே செத்தாலும் அடுத்தவன் வண்டியில ஏற மாட்டேன்." அவள் சொன்னால் சொன்னதுதான். பூட்டுக்காரர் அந்த டிரைவரைத் தினமும் காலையில் பல் தேய்க்கும்போது ஒருமுறை சபித்துவிட்டு, சொந்தமாக ஒரு கார் வாங்கினார்.

வயசான கார். வாங்காதீர்கள் என்று சொன்னது ஒரே ஆள், அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. வண்டிகளுக்கு ஏசி பார்ப்பதுதான் அவன் தொழில். "மாமா, இது வண்டி இல்ல, வயித்தெரிச்சல்" என்றான். "மாப்ளை, கார்னா என்ன, நாலு கதவுப் பூட்டு, நடுவுல ஒரு எஞ்சின். இதுல எனக்குத் தெரியாதது எஞ்சின் மட்டும்தான்" என்று இவர் பதில் சொன்னார். அவன் சிரிக்கவில்லை. பேச்சு அதோடு நின்றுபோயிருந்தது.

வாங்கியபோது ஜில்லென்று இருந்த ஏசி, இந்த வாரம் சூடாக ஊதத் தொடங்கியது. கேஸ் குறைந்திருக்கும் என்று பூட்டுக்காரர் தாமாகவே தீர்ப்பு எழுதினார். மச்சினனிடம் போனால் 'நான் அப்பவே சொன்னேனா இல்லையா' என்பான். அதைவிட ஒரு கேஸ் டின்னே மேல். கடையில் டின்னோடு குழாயும் கொடுத்தார்கள். குழாயின் முனை எஞ்சினில் கண்ணெதிரே தெரிந்த வாயில் பொருந்தவில்லை. முனை சின்னது, வாய் பெரியது. வேறொருவராக இருந்தால் அங்கேயே யோசித்திருப்பார். ஆனால் பொருந்தாத சாவியை அரத்தால் வழிக்குக் கொண்டுவருவதையே பிழைப்பாகக் கொண்ட மனுஷனுக்கு, பொருந்தவில்லை என்பது ஒரு எச்சரிக்கையாகவா தெரியும்? அது வேலைக்கு அழைப்பு. அவர் கடையைத் திறந்து, ஒரு பித்தளைத் துண்டை எடுத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் செய்தார். அழகாகப் பொருந்தியது. எஞ்சினை ஓடவிட்டு டின்னைத் திருகினார். மீதிதான் மேலே சொன்னது.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் டின்னை நீட்டினார். "சார், இது உங்களுதா?"

"வேற யார் வீட்டுலேர்ந்து சார் வரும்?" என்று வாங்கிக்கொண்டார் பூட்டுக்காரர்.

மனைவிக்கு ஐஸ் தண்ணீரும் செல்போனும் கையெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, "உன் தம்பி முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சு, போய்ட்டு வந்துடறேன்" என்றார்.

"விரலைக் காட்டாதீங்க. சிரிச்சே செத்துடுவான்."

"மகாராணிக்குக் கால் எப்படி இருக்கு?"

"மகாராணி காலை யார் கேக்கலாம்? போங்க போங்க."

இருவருக்கும் இடையில் இப்படித்தான். அவர் எதையும் நேராகக் கேட்டவரில்லை. கேள்விக்குத் தொப்பியும் மீசையும் மாட்டித்தான் வெளியே அனுப்புவார், பதிலும் அதே வேஷத்தில் திரும்பி வரும். டாக்டரிடமே, "டாக்டர், இவ ஓட ஆரம்பிச்சா முதல்ல என்னை விட்டுட்டுத்தான் ஓடுவா, அதனால மெதுவாவே சரிபண்ணுங்க" என்றவர். டாக்டர் சிரித்தார். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். அந்தப் 'பார்க்கலாம்' பூட்டுக்காரர் நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஆனால் பின்னாலேயே ஓடிப் போய் "என்ன பார்க்கலாம்?" என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

மச்சினனின் பட்டறை ஒரு குறுகலான தெருவில், டயர் கடைக்கும் பெயின்ட் அடிக்கிற இடத்துக்கும் நடுவே இருந்தது. தகரக் கூரை. உள்ளே அடுப்பு மாதிரி சூடு. ஊருக்கெல்லாம் குளிர் கொடுக்கிறவன் இடத்தில் ஒரு விசிறிதான், அதுவும் அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சுற்றும்.

அவன் எதுவும் பேசாமல் முன்மூடியைத் தூக்கினான். பித்தளைத் துண்டைப் பார்த்தான். குனிந்து பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"இது என்ன மாமா?"

"நான் செஞ்சது."

"அழகா இருக்கு. கழட்டித் தரேன், கழுத்துல போட்டுக்கோங்க." ஸ்பானரை எடுத்தான். "இதுல ரெண்டு வாய் இருக்கு. பருத்த குழாய்க்குச் சின்ன வாய், அது கீழ பேட்டரிக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கு. கேஸ் அதுலதான் ஏத்தணும். ஒல்லிக் குழாய்க்குப் பெரிய வாய், அதுல அழுத்தம் பல மடங்கு. ரெண்டு வாயும் ஏன் ரெண்டு அளவுல இருக்கு தெரியுமா?"

"ஏன்?"

"நீங்க பூட்டு எதுக்குப் போடுவீங்க?"

"திருடனுக்கு."

"இது திருடனுக்கு இல்ல. உங்களை மாதிரி ஆளுங்க தப்பான வாயில டின்னை மாட்டிடக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் போட்ட பூட்டு. அதுக்குக் கள்ளச்சாவி செஞ்சிருக்கீங்க."

பூட்டுக்காரருக்குக் காது சுட்டது. இத்தனை வருஷத்தில் எவன் வீட்டுப் பூட்டையும் அவர் அனுமதியில்லாமல் திறந்ததில்லை. சொந்த வண்டியிலேயே கன்னம் வைத்திருக்கிறார்.

"டின் மூஞ்சியில வெடிச்சிருந்தா?" என்றான் மச்சினன். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "எங்க அக்காவை யார் பார்த்துக்கறது?"

"நீதான். அதுக்குத்தான் உன்னை இத்தனை நாள் சண்டை போட்டு ஓய்வுல வச்சிருந்தேன்."

அவன் அதற்கும் சிரிக்கவில்லை. வேலையைத் தொடங்கினான்.

வாய்க்குள் இருந்த ஊசி வால்வ், சைக்கிள் ட்யூபில் இருக்குமே அது போன்றது, வளைந்து போயிருந்தது. அதை மாற்றினான். குழாய்களுக்குள் காற்றடைத்து மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தடவினான். எங்கேயும் குமிழி இல்லை. பம்பை மாட்டி உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சவிட்டான். பம்ப் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. "இதை அவசரப்படுத்தக் கூடாது" என்றான். பூட்டுக்காரர் அவசரப்படவில்லை, நின்ற இடத்தில் உருகினார். ஒவ்வொரு நிமிஷமும் வீட்டு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் எதுவரை வந்திருக்கும் என்று மனசு அளந்துகொண்டே இருந்தது.

கேஸ் ஏற்றியாயிற்று. இரண்டு மீட்டரிலும் முள் இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. மச்சினனின் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு. "உட்காருங்க மாமா. போடுங்க."

பூட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டார். முகத்துக்கு நேரே இருந்த துளையில் காற்று வந்தது.

சூடு.

தூங்கி எழுந்த எருமை மூஞ்சியில் மூச்சுவிட்டது போல, வெதுவெதுவென்று ஒரு காற்று.

"வருதா?"

"வருது. குழந்தையைக் குளிப்பாட்டலாம்."

மச்சினன் தலையை உள்ளே விட்டுக் கையை வைத்துப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. முன்னால் போய்க் குளிர்விக்கும் தட்டின் மேல் வாளித் தண்ணீர் ஊற்றினான். விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தான். கம்ப்ரஸரில் காது வைத்தான். எல்லாம் சரியாக இருந்தது. காற்று மட்டும் சூடாக இருந்தது. அவன் பேச்சை நிறுத்திவிட்டான். பட்டறைக்காரன் பேச்சை நிறுத்துவது, நோயாளி முன்னால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவது மாதிரி.

"மாப்ளை. விடிஞ்சா கிளம்பணும்."

"தெரியும்."

"இன்னைக்கு வந்துடுமா?"

"பார்க்கலாம்."

அந்த வார்த்தை. இங்கேயும் அதே வார்த்தை.

"ராத்திரியில போகலாமே, வெயில் இருக்காதே" என்றான் மச்சினன் கொஞ்சம் கழித்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே.

"ராத்திரியில எதிர்ல வர்ற விளக்கு எனக்கு வீட்டுக் கூரை அளவுக்குத் தெரியும். உங்க அக்காவுக்குக் கண்ணு மங்குனா நான் கைபிடிப்பேன். எனக்கு மங்குனா அவ ஸ்டியரிங்கைப் பிடிப்பாளா?"

மச்சினன் போனை எடுத்து மூன்று நான்கு பேரிடம் பேசினான். உள்ளே டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற வால்வாக இருக்கலாம், டேஷ்போர்டையே முழுக்கப் பிரிக்க வேண்டும், இந்த வண்டிக்கு அந்தச் சாமான் இங்கே கிடைக்காது, வரவழைக்க வேண்டும். பூட்டுக்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் டயர் அமுங்கி அவரை நடுக்குழிக்குள் இழுத்துக்கொண்டது. எழுந்துகொள்ளத் தோன்றவில்லை.

மனைவிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடியும் போட்டார். அதுவும் அடித்துக்கொண்டே இருந்து, கடைசி நிமிஷத்தில் எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"எங்க இருக்க?"

"தரையில."

"தரையிலயா?"

"ஜில்லுனு இருக்கு. நாற்காலியைவிட இதுதான் சௌகரியம். போன்தான் மேஜை மேல ஏறி உட்கார்ந்திருந்தது, அதை இறக்க நேரமாச்சு."

"விழுந்தியா?"

"இறங்கினேன். கொஞ்சம் வேகமா இறங்கினேன். அங்க என்ன ஆச்சு?"

"பிரமாதமா போய்ட்டு இருக்கு. உன் தம்பி என்னைக் கட்டிப்பிடிச்சு அழறான்."

"பொய் சொன்னாலும் நம்பற மாதிரி சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

பூட்டுக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது வீட்டுக்கு ஓடினால் அவளைத் தூக்கி உட்கார வைக்கலாம், ஆனால் நாளை போகவே முடியாது. இங்கேயே இருந்தால் நாளை போகலாமோ என்னவோ, ஆனால் அவள் தரையில் கிடப்பாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் திறக்காத பூட்டு ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரின் மனைவிக்குப் போன் செய்து, கொஞ்சம் போய்ப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். இந்தத் தடவை நகைச்சுவை எதுவும் கலக்கவில்லை. கலக்க எதுவும் கிடைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது மச்சினன் எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவருக்கு அருகில் குனிந்து, பருத்த குழாயை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றான். கை எடுக்கவே இல்லை.

"மாமா, இங்க வாங்க. இதைத் தொடுங்க."

தொட்டார். ஐஸ். குழாயின் மேல் வியர்வை முத்து முத்தாகக் கோத்து நின்றது.

"குளிர் உள்ள போகுது" என்றான் மச்சினன் மெதுவாக. "உள்ள போற இடத்துல ஐஸ். வெளிய வர்ற இடத்துல வெந்நீர்."

"நடுவுல யார் அடுப்பு மூட்டறது?"

கேலியாகத்தான் கேட்டார். மச்சினன் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரையே பார்த்தான். "ஹீட்டர்" என்றான். "குளிர் நாளுக்குன்னு வண்டிக்குள்ள ஒரு ஹீட்டர் இருக்கும். எஞ்சின் சூட்டுத் தண்ணி அதுக்குள்ள ஓடும். சூடா ஜில்லான்னு மாத்தற அந்த நெம்பு இருக்கே, அது ஒரு சின்னக் கதவைத் திருப்பும். கதவு சூட்டுப் பக்கம் நின்னுட்டா, குளிர்ந்த காத்து போய் ஹீட்டர்ல குளிச்சிட்டுத்தான் வரும்."

பூட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து அந்த நெம்பைச் சிவப்பிலிருந்து நீலத்துக்குத் தள்ளினார். திரும்பச் சிவப்புக்குத் தள்ளினார். ஒரு வாரமாகத் தள்ளிய நெம்புதான். ஆனால் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார். விரலுக்குத் தெரிந்துவிட்டது. வழுவழுவென்று, எந்தப் பாரமும் இல்லாமல் போய்வந்தது. இந்த உணர்ச்சி அவருக்கு நன்றாகத் தெரியும். சாவி சுற்றும், உள்ளே நாக்கு நகராது. வாடிக்கையாளர் "சாவி நல்லாத்தான் சுத்துதுங்க" என்று சத்தியம் செய்வார். நல்லாச் சுற்றுவதுதான் நோய்.

"இதுல எதுவும் மாட்டியிருக்கல மாப்ளை. சும்மா காத்துல ஆடுது."

இருவரும் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார்கள். இடம் ஒரு தலைக்குத்தான். இரண்டு தலை போனதால் மச்சினன் காதும் இவர் மூக்கும் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தன. டார்ச் வெளிச்சத்தில் நெம்பிலிருந்து வரும் மெல்லிய கம்பி தெரிந்தது. கதவைப் பிடித்திருக்க வேண்டிய கொக்கி கழன்று தொங்கியது. ஏன் கழன்றது என்று டார்ச்சை இன்னும் கொஞ்சம் நகர்த்தினால், அங்கே கறுப்பாக, கனமாக, இரண்டு திருகாணியோடு ஒரு இரும்புப் பெட்டி. ஒரு திருகாணி சரியாகக் கம்பியின் மேல் இறங்கி அதை நசுக்கியிருந்தது.

"இது யார் வேலை?" என்றான் மச்சினன். "கம்பெனிது இல்லையே."

பூட்டுக்காரர் மெல்லத் தலையை வெளியே இழுத்துக்கொண்டார்.

"மாமா."

"திருடனுக்கான பூட்டு" என்றார் பூட்டுக்காரர். "போன வாரம் நான்தான் போட்டேன். எவனும் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாத இடமா பார்த்து."

மச்சினன் வெளியே வந்து தரையில் உட்கார்ந்தான். "இந்த வண்டியை. எவன். திருடுவான்." ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு விட்டான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "அப்ப கேஸ்..."

"கேஸ்?"

"கேஸ் நல்லா இருந்திருக்கு மாமா. நீங்க புகையா விட்டீங்களே, அது முழுக்க நல்ல கேஸ்."

பூட்டுக்காரரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறப் பார்த்தது. திருப்புளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே படுத்துவிட்டார். தான் போட்ட பூட்டைத் தானே கழற்றினார். கொக்கியை மாட்டினார். நெம்பைத் தள்ளியபோது இந்தத் தடவை எதிரே ஒரு சின்ன முரண்டு இருந்தது. உள்ளே எங்கோ 'டக்' என்று கதவு திரும்பியது. முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. அவர் அப்படியே, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் இருந்தார்.

கிளம்பும்போது மச்சினன் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு சொன்னான்: "அக்காவை உட்கார வச்சு ரெண்டு தெரு சுத்திப் பாருங்க. முகத்துக்கு, காலுக்கு, கண்ணாடிக்குன்னு மூணு பக்கமும் மாத்திப் பாருங்க. நசுங்கின கம்பி, கால் பக்கம் கொஞ்சம் சண்டித்தனம் பண்ணலாம். அக்கா கால்ல படுதான்னு கேளுங்க. படலன்னா நேரா இங்க வந்துடுங்க, நான் இருப்பேன்." கொஞ்சம் தயங்கி, "நாளைக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் போடுங்க" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, துண்டை நனைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பூட்டுக்காரர் எஞ்சினை நிறுத்தாமல் காருக்குள்ளே நன்றாகக் குளிரவிட்டு, மனைவியை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி நடத்திக்கொண்டு வந்தார். அவள் சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, அவரைப் பிடித்து, காரைப் பிடித்தாள். உள்ளே உட்கார்ந்ததும் கண்ணை மூடினாள்.

"ஏங்க."

"ம்."

"ஐஸ் பெட்டிக்குள்ள ஏத்தி வச்ச மீன் மாதிரி இருக்கு."

"சந்தோஷமான மீனா?"

"செத்த மீன். ஆனா சந்தோஷமாத்தான் இருக்கு."

தெருவைச் சுற்றினார். அவள் முகத்தில் சிவப்பு இறங்கி, மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து எதிரே இருந்த கடைப் பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பார்வை வந்துவிட்டது. பூட்டுக்காரருக்கு ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. குளிர்ந்தால் வரும். அவருடைய சட்டம் பொய்க்கவில்லை.

"இப்ப உன் தம்பி சொன்ன பரீட்சை" என்றார். "கண்ணாடிக்கு மாத்தறேன். சரி. இப்ப காலுக்கு." காற்றின் திசையை மாற்றும் அடுத்த நெம்பைத் தள்ளினார். அடியில் காற்று மாறிப் பாயும் சத்தம் கேட்டது. "கால்ல படுதா?"

"படுது."

"ரெண்டு கால்லயுமா?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். "வலது கால்ல படுது."

"அப்ப இடது பக்கம் அந்தக் கதவு முழுசாத் திரும்பலை. சனியன் பிடிச்ச கம்பி. இரு."

ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை ஓடவிட்டே இறங்கி, சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, தரையில் முட்டி போட்டார். கையை உள்ளே நீட்டினார். இடது பக்கம் காற்று ஜில்லென்று, பலமாக, அவர் மணிக்கட்டில் முடி சிலிர்க்க அடித்தது. வலது பக்கத்தைவிட அதிகம். அவள் இடது காலுக்கு நேராகத்தான் அடித்தது. அந்தக் காலில் செருப்பு இல்லை. கட்டைவிரல் உள்பக்கமாக மடங்கி, தரைவிரிப்பின் மேல் சாய்ந்து கிடந்தது. நகத்தோரம் புதுசாய்த் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. வாசற்படியில் இழுபட்டிருக்க வேண்டும். செருப்பு விழுந்ததோ, விரல் கிழிந்ததோ, தன் கால் மடங்கிக் கிடப்பதோ அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. அவர் அந்த விரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினார். அவள் அவருடைய தலைமயிரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைத் தொடுகிறாரா இல்லையா என்பதே தெரியாமல்.

பூட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வாயில் இரண்டு மூன்று கேலிப்பேச்சு வந்து வரிசையில் நின்றன.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"போன தடவை போறதுக்கு முன்னாலேர்ந்தே."

"அப்ப அந்த டிரைவர்..."

"அவன் என்ன பண்ணுவான், பாவம். வண்டியில ஏறும்போதே இந்தக் கால் இல்லை. உங்களுக்கு யாரையாவது திட்டணும் போல இருந்தது. திட்டிக்கோங்கன்னு விட்டுட்டேன்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்ந்த காற்று திறந்த கதவு வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. சைக்கிளில் போன ஒருவர், ரோட்டோரம் முட்டி போட்டு ஒரு பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"இன்னும் நல்லா குளிரவிட்டா?" என்றார் பூட்டுக்காரர். செருமிக்கொண்டார். இத்தனை நாள் கேட்கப் பயந்த கேள்வியை, எந்த வேஷமும் போடாமல் வெளியே அனுப்பினார். "இந்தக் கால் திரும்பி வருமா?"

அவள் குனிந்து, அவர் கன்னத்தில் ஒட்டியிருந்த கிரீஸைத் துண்டின் ஈர நுனியால் துடைத்தாள்.

"வராதுங்க. போன தடவை நீங்க மருந்து வாங்க வரிசையில நின்னீங்களே, அப்பவே டாக்டர்கிட்ட கேட்டேன். போனது போனதுதான்னு சொல்லிட்டார். மிச்சம் இருக்கற காலைக் காப்பாத்திக்கத்தான் நாளைக்குப் போறோம்."